42 லட்சத்தில் கையில் நிற்பது

08-06-2025

கிருஷ்ணகிரி வீட்டை விற்றுவிட்டுத் தருமபுரியில் பெரியவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியேறுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்து, இன்று காலை அதற்கென்று ஒரு கணக்கு நோட்டைத் திறந்தேன். இந்த வீட்டுக்கு 42 லட்சம் பேசி முடித்திருக்கிறோம். அங்கே பார்த்திருக்கும் வீடு 28 லட்சம். மீதி 14 லட்சத்தை வங்கியில் போட்டால் வட்டியில் மனைவியின் மருந்துச் செலவு ஓடிவிடும் என்பது எங்கள் மனக்கணக்கு.

எழுதத் தொடங்கியதும் முதல் வரியிலேயே தரகர் கமிஷன் 2 சதவீதம், 84,000 ரூபாய் கழிந்தது. அங்கே மாப்பிள்ளையே வீட்டுக்காரரிடம் நேரில் பேசியதால் கமிஷன் இல்லை. ஆனால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகச் சேர்ந்து 9 சதவீதம், 28 லட்சத்துக்கு 2,52,000 ரூபாய். அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த மதிப்பின் மேல்தான் கட்ட வேண்டும் என்பதால், சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டேன், அப்படி இல்லை.

19-06-2025

வாங்குபவர் வங்கிக் கடன் போடுகிறார். அந்த வங்கியின் வழக்கறிஞர், சொத்தின் மீதுள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றின் மூன்றாம் பக்கத்தில் ஒரு பதிவின் கீழ் பென்சிலால் கோடிட்டு அனுப்பியிருந்தார். நான் 2018-இல் கட்டி முடித்த வீட்டுக் கடனுக்காகப் பத்திரங்களை ஒப்படைத்த பதிவு அது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் எழுதிப் பதியப்படாததால், அந்தக் கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகவே சான்று காட்டுகிறது. மூலப்பத்திரம் கைக்கு வந்து பீரோவுக்குள் போனதோடு வேலை முடிந்தது என்று ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டேன். இதைப் பதிய வேண்டும் என்று கடன் கொடுத்த வங்கியும் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல், கடன் முடிந்த 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவில் சொத்தின் மேல் உள்ள கடன் பொறுப்பையும் நீக்க வேண்டும், தங்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது. என் கடன் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

04-07-2025

வீட்டை விற்பதில் வரும் ஆதாயத்துக்கு வருமான வரி எவ்வளவு என்று கேட்க ஆடிட்டரைப் பார்த்தேன். 2006-இல் 9 லட்சத்துக்கு வாங்கிய வீடு இது. பணவீக்கக் குறியீட்டின்படி (வாங்கிய ஆண்டுக்கு 122, இந்த ஆண்டுக்கு 376) வாங்கிய அந்த விலை இன்று ஏறத்தாழ 27.74 லட்சம் என்று கணக்காகிறது. கமிஷனையும் கழித்தால் ஆதாயம் 13.42 லட்சம், 20 சதவீத வரி 2.68 லட்சம். குறியீடு இல்லாத 12.5 சதவீத முறையில் 4.02 லட்சம். 23-07-2024-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் குறைவானதைக் கட்டினால் போதும். அதுவும் எங்களுக்கு வராது. விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினால் வருமான வரிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் விலக்கு உண்டு, புது வீட்டின் பதிவுச் செலவையும் அதன் விலையோடு சேர்க்கலாம். ஆனால் அந்த வீட்டை மூன்று ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது.

13-07-2025

ரசீது ஆவணம் மூன்று நடைக்குப் பிறகு பதிவாகிவிட்டது. செலவு 6,500 ரூபாய். ஆனால் இதற்குள் ஆடி நெருங்கிவிட்டது. இரண்டு தரப்பிலும் ஆடியில் பத்திரம் பதிய மனமில்லை. ஆவணி வரை காத்திருக்கத் தருமபுரி வீட்டுக்காரர் இன்னும் 2 லட்சம் அட்வான்ஸ் கேட்டார். மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். பதியாமல் விட்ட ஒரு காகிதத்தின் விலையில் இந்த வட்டியையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

29-08-2025

இரண்டு பத்திரங்களும் முடிந்து இன்று சாமான் ஏற்றினோம். ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம். லாரி வாடகை 8,500, ஆறு பேருக்கு ஏற்று இறக்குக் கூலி 9,000. மேஸ்திரி முன்பு வந்து பார்த்தபோது மாடிப் பீரோவையும் கொல்லைப்புறத்து ஆட்டுக்கல்லையும் நான் காட்டியிருந்ததால், பேசிய கூலி இன்று மாறவில்லை. பீரோவின் கதவுகளைக் கழற்றி, பழைய கம்பளியைச் சுற்றிக் கயிற்றில் இறக்கினார்கள். ஏசி கழற்றி மாட்ட 2,300.

05-09-2025

கமிஷன், பதிவு, ரசீது ஆவணம், வண்டி ஆகியவை போக, விற்பதற்கு முன் மொட்டை மாடி ஒழுக்கைச் சரிசெய்து வெள்ளையடிக்க 46,000. சொத்து வரி, குடிநீர் நிலுவை 9,200. பத்திர எழுத்தருக்கும் மற்றதற்கும் 11,000. நகை வட்டி 3,000. பால் காய்ச்ச 12,000. இங்கே மோட்டார், வயரிங், ஒகேனக்கல் குடிநீர் இணைப்பைச் சரிசெய்தது எல்லாம் சேர்த்து 58,000. இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால் குடிநீர் இணைப்பில் மட்டும் நான் கை இறுக்கவில்லை. மொத்தம் 5,01,500 ரூபாய். 14 லட்சத்தில் நிற்பது 8,98,500. மருந்துக் கணக்கை இந்தத் தொகைக்கு ஏற்பத் திருத்தி எழுதி, மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

சொத்து வரிக்கும் மின் இணைப்புக்கும் பெயர் மாற்றம் இன்னும் பாக்கி. அவற்றுக்காக நோட்டில் இரண்டு வரி விட்டு வைத்திருக்கிறேன்.