160 கிரெடிட்டுக்குள் ஒரு கேள்வி

பாடத்திட்டத்திலிருந்து 8086 மைக்ரோபிராசசர் பேப்பரை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் மெஷின் லேர்னிங் வந்தது, லேபோடு சேர்த்து. தன்னாட்சிக் கல்லூரி என்பதால் முடிவு எங்கள் கையில்தான் இருந்தது. கணினி அறிவியல் (சி.எஸ்.இ.) துறைத் தலைவர் என்ற முறையில் தீர்மானத்தை முன்வைத்தவன் நான்.

எதிர்ப்பு வந்தால் மின்னணுவியல் படிப்பான ஈ.சி.ஈ. துறையிலிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பேப்பரை எங்கள் மாணவர்களுக்கு நடத்தி வந்தவர்கள் அவர்கள். ஒரு பேப்பர் போனால் வொர்க்லோடு குறையும். வொர்க்லோடு குறைந்தால் யாரோ ஓர் இளைய ஆசிரியரின் இடம் ஆட்டம் காணும். பாடத்திட்டக் கூட்டங்களில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பாதிப் பேச்சு இதைச் சுற்றித்தான் நடக்கும். அன்றைக்கு அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவர், முன்னாள் மாணவர் பிரதிநிதியாக வந்திருந்த பெண். எங்களிடம் படித்தவர், இப்போது பெங்களூரில் சிப் வடிவமைப்பில் இருக்கிறார். அவர் கேட்டது இன்டரப்ட்டைப் பற்றி: ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தி, அவசர வேலை ஒன்றைச் செய்யவைத்துவிட்டுத் திரும்ப அனுப்பும் சைகை அது.

"சார், மத்ததெல்லாம் சரி. இன்டரப்ட் எங்க வருது?"

"ஆபரேட்டிங் சிஸ்டம் முதல் யூனிட்ல இருக்கும்மா."

"அங்க பேரு வரும் சார். பசங்க தாங்களே ஒரு இன்டரப்ட்டை வரவச்சுப் பாக்குறது எங்க?"

"எல்லாரும் சிப் டிசைனுக்குப் போறதில்லையேம்மா."

"நான் போவேன்னும் அப்போ யாரும் நினைக்கல சார். நானே நினைக்கல."

நான் அடுத்த அஜெண்டாவுக்குப் போனேன். அவரும் மினிட்ஸில் கையெழுத்துப் போட்டார்.

என் பக்கத்து நியாயம் இன்னமும் எனக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் பொறியியல் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வைத்தது; ஒவ்வொரு பேப்பரின் எடையையும் அளப்பது கிரெடிட்டில்தான். அந்த அளவுக்குள் நின்றுகொண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் இன்னொன்றை எடுத்தே ஆக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகமும் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில், இதே வழியில்தான் போனது. 2017 ரெகுலேஷனில் தனித்தனியாக இருந்த டிஜிட்டல் பேப்பரும் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பரும் சி.எஸ்.இ.க்கு ஒரே பேப்பராகச் சுருங்கின. ஐந்தாம் பருவத்து மைக்ரோபிராசசர் பேப்பர் போய்விட்டது. எம்பெடெட் சிஸ்டம்ஸ், ஐ.ஓ.டி. பேப்பரின் முதல் யூனிட்டில் 8051 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் மட்டும் மிஞ்சியது. ஊரோடு ஒத்துத்தான் போகிறோம் என்பது அன்று எனக்குத் தெம்பாக இருந்தது.

தவிர, நாங்கள் 8086ஐ நடத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். 1978இல் வந்த சிப். நாற்பது பின்களையும் படம் போட்டு விளக்கினால் 13 மார்க். செக்மென்ட் முகவரியை நான்கு பிட் இடப்பக்கம் தள்ளி ஆஃப்செட்டைக் கூட்டினால் 20 பிட் முகவரி வரும் என்று எழுதாத விடைத்தாள் கிடையாது. ஏன் அப்படி ஒரு வேலை தேவைப்பட்டது என்று கேட்டால் பதில் வராது. இன்டரப்ட் என்றாலும் அப்படித்தான்: டைப் எண்ணை நான்கால் பெருக்கினால் வெக்டர் முகவரி. பெருக்கத் தெரிந்தால் மார்க் உண்டு. லேபில் இன்டரப்ட்டுகளைக் கையாளும் 8259 சிப்பை வைத்து ஒரு சோதனை இருந்தது. கிட்டில் ஒரு சுவிட்சை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் நின்று வேறோர் இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். பெரும்பாலான ஆண்டுகளில் நேரம் போதாமல் அதை டெமோவாகக் காட்டி முடித்துவிடுவார்கள். இதையா நான் பறித்துவிட்டேன் என்று கேட்டுக்கொள்ளும்போது மனம் கொஞ்சம் லேசாகும்.

ஆனால் அன்று மதியம் சாப்பிடும்போது அந்தப் பெண் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுவிட்சைத் தானே அழுத்திப் பார்ப்பதற்காக லேப் முடிந்த பிறகும் அவர் நின்றிருக்கிறார். லேப் டெக்னீஷியன் வீட்டுக்குப் போகாமல் சாவியோடு காத்திருந்திருக்கிறார். அந்தப் பெண் கற்றுக்கொண்டது எங்கள் சிலபஸால் என்று சொல்ல முடியாது. ஆனால் சிலபஸில் அந்தப் பேப்பர் இல்லாதிருந்தால் கிட் மேசைமேல் இருந்திருக்காது, அந்தக் கதவும் திறந்திருக்காது. இந்த இடத்துக்கு வந்ததும் என் வாதம் நின்றுவிடுகிறது.

பெரும்பான்மைக்குத்தானே பாடத்திட்டம் என்று மறுபடி தொடங்குவேன். எங்கள் வகுப்புகளில் வீட்டிலேயே முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் நிறைய. கல்விக் கடனை முதல் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியவர்கள். அவர்களுக்கு வேலை தருவதுதான் முதல் கடமை என்று நான் நம்புகிறேன், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேம்பஸுக்கு நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்க வரும் நிறுவனங்களின் தேர்வில் மெஷின் லேர்னிங்கும் கேட்பதில்லை, 8086ம் கேட்பதில்லை. ஆப்டிட்யூட், கொஞ்சம் கோடிங், ஆங்கிலம். மெஷின் லேர்னிங் என்ற பெயர் எங்களுக்குத் தேவைப்பட்டது கவுன்சிலிங் நேரத்தில், பெற்றோர் வந்து கேட்கும்போது. அவர்கள் கேட்பதிலும் குற்றம் இல்லை. பிள்ளையை நான்கு ஆண்டுகள் எங்களிடம் விடுகிறவர்கள்.

புதிய பேப்பரால் நன்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். முதல் பருவத்துக் கணக்கில் ஐகன் மதிப்பு கண்டுபிடித்துப் பாஸாகி, அதோடு மறந்துபோன பிள்ளைகள், அதே ஐகன் மதிப்பின் மேல் நிற்கும் பிரின்சிபல் காம்பொனென்ட் அனாலிசிஸ் வந்தபோது கணிதத் துறையைத் தேடிப் போனார்கள். அங்கிருந்த பேராசிரியர் என்னிடம் வந்து சொல்லிச் சந்தோஷப்பட்டார். மறுபக்கம், லேபில் பலர் செய்வது லைப்ரரியை அழைத்து மூன்று வரியில் மாடலை ஓட்டுவதுதான். உள்ளே என்ன நடக்கிறது என்பது அங்கேயும் தெரிவதில்லை.

போன பருவத்தில் ஒரு புராஜெக்ட் ரிவ்யூ. அர்டுயினோ என்ற சிறிய கன்ட்ரோலர் போர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்வதில்லை. போர்டு பழுது என்று சொல்லி வேறு போர்டும் வாங்கிவிட்டார்கள். புரோகிராமைப் பார்த்தேன். டிலே போட்டுத் தூங்கவைத்து, எழுந்த பிறகு பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. தூங்கும் நேரத்தில் அழுத்தினால் தெரியாது. இன்டரப்ட்டைப் பயன்படுத்தலாமே என்றேன். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் அந்தப் பெண் கேட்டது அப்படியே காதில் விழுந்தது. ஆனால் நேர்மையாகச் சொல்வதானால், 8086 படித்த பழைய பேட்ச்களிலும் இதே பட்டன், இதே டிலே, இதே விழிப்பைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் என் முடிவு எதையும் மாற்றவில்லையா? தெரியவில்லை. அந்த வகுப்புகளில் சுவிட்சுக்காக லேபில் நின்றவர் ஒருவர் இருந்தார். இப்போது அப்படி நிற்கக்கூடியவர் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. நிற்பதற்கு அந்த லேப் இல்லை.

காலமும் எதிர்ப்பக்கம் திரும்பியதுபோல் இருக்கிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசு செமிகண்டக்டர் துறைக்கு 76,000 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி பிராசசரைப் பற்றி மாணவர்களே வந்து கேட்கிறார்கள். இதையெல்லாம் முன்கூட்டி அறிந்து முடிவெடுத்திருக்க முடியாது. இன்னும் ஐந்தாண்டில் காற்று வேறு பக்கம் அடிக்கலாம். அறிவிப்புகளுக்குத் தகுந்தபடி பாடத்திட்டத்தை ஆட்டிக்கொண்டிருப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்த ரெகுலேஷனுக்கான வேலை தொடங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, குழுவில் வேறொருவர் வருவார். இரண்டு கிரெடிட்டில் ஒரு லேப் கேட்கலாம் என்று இருக்கிறேன். 8086 வேண்டாம், எவரும் பயன்படுத்தக்கூடிய திறந்த பிராசசர் வடிவமைப்பான ரிஸ்க்-ஃபைவ் போதும், ஆனால் இன்டரப்ட்டை அவர்களே எழுதி ஓட்ட வேண்டும். எதை எடுப்பது என்ற கேள்வி உடனே வந்தது. கம்பைலர் டிசைனை எடுக்கலாம் என்கிறார்கள் இளைய ஆசிரியர்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மெஷின் லேர்னிங் லேபிலிருந்தே பாதி நேரத்தைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். தருவார்களா தெரியாது. அன்றைக்கு யாராவது என்னிடம் அந்த நேரத்தைக் கேட்டிருந்தால் நானும் கொடுத்திருக்க மாட்டேன்.