மீன் வண்டியிலிருந்து உணவகத்துக்கு: உச்சிப்புளிப் பக்கம் நாங்கள் கடந்து வந்த வழி

ராமநாதபுரம் கடற்கரையில் மீன் சாப்பாட்டுக் கடை போட நினைப்பவர்கள், இடம் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். அரியமான் கடற்கரையிலும் தனுஷ்கோடியிலும் கால் வைக்க இடமிருக்காது, ஆனால் மீன் விலை கைக்கு எட்டாது. புரட்டாசியில் நல்ல மீன் வரும், சாப்பிட ஆள் வராது. கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வேன் வேனாக ராமேஸ்வரம் வருவார்கள். மீன் வாசம் அடிக்கிற கடைப்பக்கம் அவர்கள் வண்டியை நிறுத்தவே மாட்டார்கள்.

வண்டிக்கடை மட்டும் வைத்திருந்தவரை இதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. வியாபாரம் இல்லாத நாளில் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டால் செலவும் அதோடு நின்றுவிடும். கடைக்கு வாடகை நிற்காது, ஆள் சம்பளம் நிற்காது, ஃப்ரீசர் ஓடுகிற கரண்ட் பில் நிற்காது. 2021-இல் வண்டி, 2024-இல் உணவகம் என்று வந்த எங்களுக்கு நடுவில் இருந்த பெரிய வேலையே இந்த வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டதுதான். இங்கே இதே தொழிலில் இறங்க நினைக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி ஒரு பழைய குட்டி யானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி. என் வீட்டுக்காரர் வளைகுடாவில் சமையல் வேலை பார்த்துத் திரும்பியவர். கைச்சேமிப்பும் என் நகைக்கடனும் சேர்ந்து முதல். வண்டியின் பின்பக்கத்தை அடுப்படியாக மாற்றினால் அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அமைப்பு மாற்றம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி வாங்கி, முடிந்ததும் வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் நிற்காது. கேஸ் சிலிண்டர் ஏற்றிய வண்டியில் அந்த ஆபத்தை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுப்படி மேடைக்குப் போடும் தகடு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரைக்காரர்கள் சொல்கிற கணக்கு இங்கே செல்லாது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவர்சில்வரையும் தின்னும் என்பது பலருக்குத் தெரியாது. சந்தையில் 202, 304 என்று இரண்டு ரகம் அதிகம் ஓடுகிறது. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, பார்வைக்கு ஒரே பளபளப்பு, காந்தம் வைத்தாலும் இரண்டிலும் ஏறக்குறைய ஒட்டாது. எங்கள் வண்டியைச் செய்த பட்டறையில் எல்லாம் 304தான் என்றார்கள். வீட்டுக்காரர் சோதனைத் திரவம் ஒரு பாட்டில் வாங்கிப் போயிருந்தார். தகட்டைத் துடைத்து ஒரு சொட்டு விட்டதும் கொஞ்ச நேரத்தில் சிவப்பேறியது. 202. அடுக்கியிருந்த தகடு எல்லாவற்றையும் அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டு, வேறு தகடு வந்த பிறகுதான் வெல்டிங்குக்குச் சம்மதித்தோம். இன்றைக்கும் அந்த மேடையில் பொட்டுத் துரு கிடையாது. அதற்குத் தினமும் இரவு நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைப்பதும் காரணம். அடுப்பின் பர்னர் துவாரங்களில் உப்பும் மாவும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை கழற்றி ஊசி விட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் நீலச் சுடர் மஞ்சளாகிவிடும், சிலிண்டர் சீக்கிரம் தீரும்.

நிறுத்துகிற இடத்துக்கு, அரியமான் போகிற வழியில் ஒருவருடைய பட்டா நிலத்தின் முகப்பைத் தினவாடகைக்குப் பிடித்தோம். சாலையோரப் புறம்போக்கில் நின்றால் எப்போது எழுப்பிவிடுவார்கள் என்ற நினைப்பிலேயே பொழுது போய்விடும்.

மீன் வாங்குவதில் எங்கள் ஊருக்கு ஒரு பெரிய வசதி, இரண்டு கடல். வடகடல் பாக் நீரிணைப் பக்கம், தென்கடல் மன்னார் வளைகுடாப் பக்கம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கினால் அப்படியே மாறிவிடும். அதனால் இரண்டு கரையிலும் ஒவ்வொருவரிடம் வாடிக்கை வைத்தோம். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாளில் வள்ளம் என்கிற சின்னப் படகில் வரும் மீன். வள்ளத்து மீன் அளவில் குறைவு, ஆனால் ஐஸில் நாள் கணக்கில் கிடக்காதது. தென்கடல் கரையில் மீன் விற்கும் ஓர் அம்மா முதல் வாரத்திலேயே சொல்லித் தந்தார்: “கண்ணை மட்டும் பாத்து எடுக்காத தாயி, செவுளத் தூக்கிப் பாரு, வயித்த அமுக்கிப் பாரு. குழி விழுந்து எழும்பலன்னா வச்சிட்டு வந்திரு.” இன்றைக்கு வரைக்கும் எங்கள் கடையில் மீன் எடுக்கிற எல்லோருக்கும் முதல் பாடம் இதுதான்.

சீலா, விளமீன், பாறை விலை ஒரு வாரத்திலேயே இரண்டு மடங்காகும். அச்சடித்த விலைப்பட்டியல் வைத்தால் நஷ்டம் நமக்கு, இல்லை துண்டு சிறுத்து நஷ்டம் சாப்பிடுகிறவருக்கு. கரும்பலகையில் அன்றன்று விலை எழுதுகிறோம். சூடை, நெத்திலி, காரல் இவை எப்போதும் பலகையில் இருக்கும். இவற்றைச் சாதாரணமாக நினைக்கிறவர்கள் அத்தை வைக்கிற காரல் குழம்பைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். நம்ம ஊர் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்த மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்த மசாலாதான் எங்கள் கடையின் பெயரைக் காப்பாற்றுகிறது.

சரி, கடைக்கு வருகிறேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் ரயில்கள் நின்றதால் ராமேஸ்வரம் போகிறவர்கள் எல்லோரும் சாலை வழியாக வந்தார்கள், வண்டியில் விற்பனை ஏறியது. பலரும் உடனே பெரிய கடையாகப் போடச் சொன்னார்கள். வீட்டுக்காரர் அந்த ஏற்றத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பாலம் வந்துவிட்டால் ரயில் கூட்டம் ரயிலுக்கே போய்விடும் என்றார். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது, அவர் சொன்னபடிதான் நடந்தது. நாங்கள் எடுத்துக்கொண்ட அளவு, எங்கள் நோட்டில் இருந்ததிலேயே மோசமான மாதம். தடைக்காலத்து மே மாதத்தில் செலவு போகக் கையில் என்ன நின்றதோ அதற்குள் வாடகையும் கடன் தவணையும் அடங்க வேண்டும். அடங்காத இடத்தையெல்லாம், எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும், விட்டுவிட்டோம்.

கடைசியில் கிடைத்தது நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஓட்டுக் கட்டடம். வீட்டு உரிமையாளர் ஐயாவிடம் வெளிப்படையாகப் பேசினோம். அட்வான்ஸ் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறோம், ஏப்ரல், மே வாடகையில் பாதியை ஆடிக்குப் பிறகு தவணையாகக் கட்டுகிறோம் என்று கேட்டோம். “கடக்கரையில பொறந்தவன்தான் நானும், எனக்குத் தெரியாதா” என்று ஒப்புக்கொண்டார். அதை வாய்ப்பேச்சாக விடாமல் மூன்று வருடப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்தோம். 11 மாத ஒப்பந்தத்தை நம்பி அடுப்படியில் பணத்தைக் கொட்ட முடியாது.

கடனுக்கு முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தோம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம் உண்டு. முன்பு அசைவ உணவகத்துக்கு அதில் இடமில்லை, 2022-இல் வந்த விதிகளில் அனுமதித்துவிட்டார்கள். ஆனால் அது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. ஏற்கெனவே வண்டிக்கடை பதிவு வைத்திருந்த எங்களுக்குப் பொருந்தாது என்று அங்கேயே தெளிவாகச் சொன்னார்கள். புதிதாகத் தொடங்கும் பெண்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நாங்கள் முத்ரா கடனுக்குப் போனோம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை தருண் பிரிவு, சொத்து அடமானம் வேண்டாம். அப்படியும் ஒரு வங்கிக் கிளையில் சொத்துப் பத்திரம் கேட்டு இழுத்தடித்தார்கள். அடுத்த கிளையில் எங்களுக்குக் கை கொடுத்தது க்யூ.ஆர். அட்டை. தொடக்கத்திலிருந்து எல்லாப் பணத்தையும் ஒரே நடப்புக் கணக்கில் வாங்கியிருந்தோம், கையில் வந்த ரொக்கத்தையும் வாராவாரம் அதில் கட்டியிருந்தோம். மேலாளர் அந்தக் கணக்கு அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தடைக்காலத்துலயும் கணக்கு நிக்கலையேம்மா” என்றார். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, வாடகைப் பத்திரம், சாமான் கொட்டேஷன் இவற்றைச் சேர்த்துக் கொடுத்தோம். அடுப்பு, ஃப்ரீசர் பணத்தை வங்கியே கடைக்காரருக்கு நேரே அனுப்பியது.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தில், அப்போதைய விதிப்படி ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் வெறும் பதிவு, வருடம் 100 ரூபாய். அதற்கு மேல் மாநில உரிமம், வருடம் 2,000 ரூபாய். வண்டிக்கு ஒன்று, கடைக்குத் தனியாக ஒன்று. விண்ணப்பம் இணையத்திலேயே போட்டோம், நேரம் பிடித்தது தண்ணீர் பரிசோதனை அறிக்கை. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, அதில் பருப்பு கூட வேகாது. லாரித் தண்ணீருக்குத் தனித் தொட்டி, சமையலுக்குச் சுத்திகரிப்பு இயந்திரம், பாத்திரம் கழுவத் தனிக் குழாய் என்று பிரித்த பிறகுதான் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினோம். இங்கே கடை போடுகிறவர்கள் வாடகைக்கு அடுத்த வரியாகத் தண்ணீர்ச் செலவை எழுதிக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி.யில் ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டும் என்று தெரிந்ததும் காம்போசிஷன் என்கிற தொகுப்பு முறையில், மொத்த விற்பனையில் 5 சதவீதம் கட்டுவதாகப் பதிந்தோம். இதில் சாப்பிடுகிறவரிடம் வரி தனியாக வாங்கக் கூடாது, நம் விலையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

எண்ணெயைப் பற்றி இரண்டு வார்த்தை. மீன் வறுத்த எண்ணெயில் மசாலாத் தூள் கருகிக் கருகி நிறம் சீக்கிரம் மாறும். எண்ணெயில் கெட்டுப்போன பொருள்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து சட்டம். நாங்கள் அதுவரைக்கும் விடுவதில்லை. ஒவ்வொரு ஈடுக்கும் வடிகட்டி, இரவோடு மாற்றிவிடுகிறோம். பழைய எண்ணெயை, பயோடீசலுக்கு வாங்கும் அனுமதி பெற்றவர்களுக்கே கொடுக்கிறோம். சாலையோரக் கடைகளுக்கு மலிவாக வாங்கிப் போக ஆள் வரும், அவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. அதைத் தின்னப் போவது நம் பக்கத்துப் பிள்ளைகள்.

இரவில் பரோட்டா போடவில்லை. பரோட்டா இல்லாத கடை ஓடாது என்று சொல்லாதவர் இல்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு மாஸ்டர் காணாமல் போன கதை இந்தச் சாலையில் எல்லாக் கடையிலும் இருக்கிறது. எங்கள் கடையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பிழிகிற இடியாப்பம்தான், கணவாய்த் தொக்கோ மீன் குழம்போ ஊற்றி. வெளியூர்க்காரர்கள் பரோட்டா கேட்டுவிட்டு, இதைச் சாப்பிட்டுவிட்டு, பொட்டலமும் கட்டிக்கொண்டு போகிறார்கள். பொட்டலத்துக்கு வாழை இலையும் பனையோலைப் பெட்டியும். பிளாஸ்டிக் தடை 2019-லேயே வந்துவிட்டது. ஓலை முடைய இங்கே கைகள் இருக்கும்போது வேறெங்கே போக வேண்டும்?

கடை வந்தவுடன் வண்டியை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. அத்தைதான் தடுத்தார். வண்டியை முழுச் சைவமாக மாற்றச் சொன்னார். மேடையைத் தவிரச் சட்டி, கரண்டி, வெட்டும் பலகை என்று எல்லாமே புதிது, சமையலுக்கும் தனி ஆள். மீன் தொட்டவர் வண்டியில் ஏறுவதில்லை. மாலை போட்டு வருகிறவர்கள் கேட்பார்கள், பொய் சொல்ல முடியாது. கார்த்திகையிலிருந்து தை வரை இட்லி, பொங்கல், தயிர்சாதம், எலுமிச்சைச் சாதம், வடக்கத்திக்காரர்களுக்குச் சப்பாத்தி, பூரி கிழங்கு. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைக்கு விடியற்காலை மூன்று மணிக்கே வண்டி சாலையில் நிற்கும். கடையில் புரட்டாசியில் விழுகிற பள்ளத்தை வண்டி கொஞ்சம் நிரப்புகிறது.

தடைக்காலத்தில் கடையின் பலகை மாறும். பங்குனியிலேயே நல்ல கருவாடாகப் பார்த்து வாங்கி வைத்துவிடுவோம். கருவாட்டுக் குழம்பு, வள்ளத்துக்காரர்கள் வலையில் வரும் நண்டு, கிடைத்தால் கணவாய், அப்புறம் நாட்டுக்கோழி. சீலா இல்லை என்றால் இல்லை என்றே எழுதிவிடுகிறோம். வேறு ஊரிலிருந்து பழைய ஐஸ் மீனைக் கொண்டுவந்து நம்ம ஊர் மீன் என்று போடச் சொன்னவர்கள் உண்டு. அதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை, இனியும் மாட்டோம்.

இப்போது தேவிபட்டினத்துக்கு இரண்டாவது வண்டி ஒன்றுக்கு வேலை நடக்கிறது. நவபாஷாணத்துக்கு வருகிறவர்களை நம்பி, அதுவும் சைவம். தகடு சோதித்தாயிற்று, ஆர்.டி.ஓ. முன் அனுமதிக்குக் கொடுத்திருக்கிறோம். ஆடி அமாவாசைக்குள் வந்துவிட்டால் அன்றைக்கே அடுப்பு பற்றவைத்துவிடலாம்.