ஒனே! ரெஸ்பே!

ஹைட்டியின் மலைக் கிராமங்களில் எந்த வீட்டுக்குள்ளும் சட்டென்று நுழைந்துவிடக் கூடாது. வேலியோரம் நின்று "ஒனே!" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து "ரெஸ்பே!" என்று பதில் வந்த பிறகுதான் படியேறலாம். ஒன்று கௌரவம், மற்றது மரியாதை. இங்கே பேசும் மொழியான கிரெயோலில் நான் முதலில் கற்றுக்கொண்டவை இந்த இரண்டு சொற்கள்தான். ஜெபம்கூட அப்புறம்தான் வந்தது.

எங்கள் மிஷன் வீட்டில் நாலு அருட்சகோதரிகள். மழைநீர்த் தொட்டி, சோலார் விளக்கு, கரி அடுப்பு, அவ்வளவுதான்.

நேற்று ஊரில் கோன்பிட். ஒருவர் நிலத்தில் ஊரே சேர்ந்து மண்வெட்டி பிடிக்கும் வழக்கம் அது. கூலி கிடையாது, பாட்டும் சாப்பாடும் உண்டு. நாங்களும் போயிருந்தோம். ஒரு பாட்டி என் பக்கத்தில் வந்து, மண்வெட்டிக் காம்பில் என் கையை ஒரு சாண் கீழே இறக்கி வைத்து, "இப்படிப் பிடி மகளே" என்றார். அவருடைய உள்ளங்கை மரப்பட்டை போலக் காய்த்திருந்தது.

மத்தியானம் பீன்ஸ் போட்ட சோறு. பானை அடியில் ஒட்டிய காந்தலுக்கு இங்கே 'கிராத்தேன்' என்று பெயர். அதற்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். பாட்டி அதில் ஒரு துண்டைச் சுரண்டி எடுத்து, எனக்கென்று இலையில் மடித்து வைத்திருந்தார்.