பையைப் பார்த்துக்கங்க தம்பி

தனியா ஊர் சுத்துறதைப் பத்தி வீடியோ போடுறவங்க மலையைக் காட்டுவாங்க, அருவியைக் காட்டுவாங்க, கைநீட்டிக்கிட்டு சூரியோதயம் பார்ப்பாங்க. 55 லிட்டர் பையோட பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்குள்ள எப்படிப் போறதுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லித் தர்றதில்ல.

முதுகுல மாட்டிக்கிட்டே நுழைஞ்சா கதவு சாத்தாது. கதவைச் சாத்தணும்னா பையை முன்னால மாட்டணும். முன்னால மாட்டினா வந்த வேலை நடக்காது. கீழே வைக்கலாமான்னு தரையைப் பார்த்தேன். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க இருப்பீங்க, அதனால அதை விட்டுடறேன்.

இடம் மதுரை மாட்டுத்தாவணி, நேரம் நடுராத்திரி. சென்னையிலிருந்து வர்ற ஒரு ஆம்னி பஸ்ல நாகர்கோவிலுக்கு சீட்டு போட்டிருந்தேன். அங்க இறங்கி மாத்தூர் தொட்டிப்பாலத்துல நடக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. 1966-ல கட்டினது, 115 அடி உயரம். 11 மணிக்கே வந்து நிக்கச் சொல்லி மெசேஜ் வந்ததால வந்து நின்னேன். ஆம்னி நிக்கிற இடத்துல நானும் கொசுவும் மட்டும்தான். அதனால பக்கத்துல பெரிய ஸ்டாண்டுக்குள்ளயே வந்து உட்கார்ந்துட்டேன். இங்கே பருத்திப்பாலாவது கிடைக்கும்.

பஸ் எங்க வருதுன்னு போன்லயே பார்க்கலாமாம். பார்த்தா துவரங்குறிச்சியில ஒரு புள்ளி. ஒரு டீ குடிச்சுட்டுப் பார்த்தா அதே துவரங்குறிச்சி, அதே புள்ளி. டிரைவருக்குப் போன் போட்டேன். "இந்தா மேலூர் தாண்டிட்டேன் சார், பக்கத்துல வந்துட்டேன்." துவரங்குறிச்சியிலிருந்து மதுரைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. அவர் எந்த மேலூரைச் சொன்னாரோ!

பக்கத்துல உட்கார்ந்திருந்த பெரியவர் என்னை விட அதிகமாக் கவலைப்பட்டார். "பேசாம திருவள்ளுவர் பஸ்ல போயிருக்கலாம்ல தம்பி." போக்குவரத்துக் கழகங்களுக்கு வச்சிருந்த தலைவர்கள் பேரையெல்லாம் 1997-லயே எடுத்தாச்சு. பெரியவங்க வாயிலிருந்து மட்டும் திருவள்ளுவர் இன்னும் இறங்கல. அவர் பார்வை அப்படியே என் பைக்குப் போச்சு. "மிலிட்டரியா?" இல்லைங்க. "சமையல் கான்ட்ராக்டா?" இல்லைங்க, சும்மா ஊர் சுத்திப் பார்க்க. "தனியாவா?" ஆமா. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் குரலைத் தணிச்சு, "வீட்ல ஏதும் சண்டையா?"

நம்ம ஊர்ல ஒரு ஆள் தனியாக் கிளம்பினா ஒண்ணு வேலை இருக்கணும், இல்ல கோவிச்சுக்கிட்டு வந்திருக்கணும். மூணாவதா ஒரு காரணத்தை யார்கிட்டயும் விக்க முடியாது. பையில வெளியே கட்டியிருந்த உருளை என்னன்னு கேட்டார். உள்ளே படுத்துத் தூங்குற பைன்னேன். "தூங்குறதுக்கு ஒரு பையா?" அதுக்கப்புறம் அவர் என்கிட்ட எதுவும் கேக்கல.

இவ்வளவு பெரிய பை வச்சிருக்கிறவனுக்கு எல்லா வழியும் தெரியும்னு வேற நினைச்சுக்கிறாங்க. "கொடைக்கானல் பஸ் எங்க நிக்கும் ப்ரோ?"ன்னு நாலு காலேஜ் பசங்க வந்தாங்க. அது ஆரப்பாளையத்துலருந்துல்ல கிளம்பும்! சொன்னதும் அவங்களுக்குள்ளயே ஒரு விசாரணைக் கமிஷன் ஆரம்பிச்சிருச்சு.

கழிப்பறை பிரச்சினை அப்படியே நின்னுச்சு. எதிர் பெஞ்சுல ஒரு அப்பத்தா, சீவில்லிபுத்தூர் வண்டிக்காகக் காத்திருந்தாங்க. காதுகுத்து வீட்டுலருந்து திரும்புற சாமான் சுத்தி இருந்துச்சு. ரெண்டு சாக்கு, வாயைத் துண்டால கட்டின எவர்சில்வர் அண்டா. அண்டாவுல "அன்புடன் தாய்மாமன்"னு வெட்டியிருந்துச்சு. ஆள் நம்பிக்கையானவங்கன்னு அதுலயே தெரிஞ்சது. "அப்பத்தா, பையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க, இந்தா வந்துர்றேன்."

போயிட்டு வந்தேன். பை பத்திரமா இருந்தது, மேல காலை நீட்டி வச்சிருந்தாங்க. "இப்ப நீ பாருய்யா, நான் ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்"னு எழுந்தாங்க. அதைப் பார்த்த பெரியவர், "தம்பி இருக்கார்ல"ன்னு தன்னோட மஞ்சப்பையை என் மடியில வச்சுட்டு டீக்கடைப் பக்கம் போனார். ஆரப்பாளையத்துக்கு ஆட்டோ பேசப் போன பசங்க, "ப்ரோ, ரெண்டே நிமிஷம்"னு நாலு பையையும் என் காலடியில தள்ளினாங்க. ஒரு அக்கா, தூங்குற பிள்ளையைப் பெஞ்சுல என் பக்கத்துல கிடத்திட்டு, பால் வாங்கக் கிளம்பிட்டாங்க. பிள்ளை தூக்கத்துலயே என் சட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு.

போன் அடிச்சது.

"சார், நாகர்கோவில் ஒரு சீட்டு நீங்கதானே? வண்டி வந்து நிக்குது. எங்க இருக்கீங்க?"

அண்டாவைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன். கழிப்பறைப் பக்கம் அப்பத்தாவோட தலை தெரியுதான்னு எட்டிப் பார்த்தேன்.

"இந்தா, பக்கத்துல வந்துட்டேன்ணே"ன்னேன்.