ஆறு பேருக்கு ஒரே அறை

பிரஸ்ஸல்ஸில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்கு வருபவர்களுக்கு விடுதியில் அறை பதிவு செய்யும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். வந்து சேரும் நேரம், உணவில் ஒத்துக்கொள்ளாதவை ஆகியவற்றை அவரவர் தாய்மொழியில் நிரப்பியிருந்த பட்டியலை அப்படியே தானியங்கி மொழிபெயர்ப்பில் போட்டு ஆங்கிலமாக்கி அனுப்பினேன். அது இறால் ஒவ்வாமையோடு நிற்காமல் ஆட்களின் பெயர்களையும் மொழிபெயர்த்துத் தொலைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. குடும்பப் பெயர்களை அனுப்ப மறந்தது தனிக்கதை.

மாலையில் வரவேற்பு மேசை முன்னால் பெட்டிகளோடு நின்றவர்கள் நெதர்லாந்தின் யான், பிரான்சின் ழான், ஸ்பெயினின் ஹுவான், இத்தாலியின் ஜோவான்னி, பல்கேரியாவின் இவான், ஹங்கேரியின் யானோஷ் ஆகிய ஆறு பேர். விடுதிக் கணக்கிலோ ஒரே ஒரு ஜான். ஒரே பெயர் ஆறு முறை வந்திருப்பதைப் பார்த்த பணியாளர், கைதவறிப் பதிந்தவை என்று ஐந்தை அடித்துவிட்டு, ஒற்றைக் கட்டில் போட்ட ஓர் அறையை ஒதுக்கியிருந்தார்.

நியாயமாகப் பார்த்தால் இயந்திரத்தின் மேல் தப்பில்லை. ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்று பொருள்படும் யோஹானான் என்ற எபிரேயப் பெயர்தான் கிரேக்கத்திலும் லத்தீனிலும் நுழைந்து, திருச்சபையோடு ஊர் ஊராகப் போய், அங்கங்கே இருந்த நாக்குக்கு ஏற்ப இத்தனை உருவம் எடுத்தது. ஜெர்மானியர்கள் யோஹானஸின் முன்பகுதியை நறுக்கிவிட்டு வாலை மட்டும் ஹான்ஸ் என்று வைத்துக்கொண்டார்கள். தலை வெட்டப்பட்ட திருமுழுக்கு யோவானின் பெயருக்கு இது பொருத்தம்தான் போலும். நம் கத்தோலிக்கப் பெரியவர்களோ ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டு அவரை அருளப்பர் என்றார்கள்; சிறியவர் என்று பொருள்படும் பவுலைச் சின்னப்பர் ஆக்கினார்கள். 1978இல் பதவியேற்ற போப் இரண்டாம் ஜான் பால், தமிழில் இரண்டாம் அருள் சின்னப்பர் ஆனது அப்படித்தான்.

பட்டியலில் ஏழாவதாக இருந்த அருளப்பன் என்ற என் பெயர் மட்டும் இயந்திரத்துக்குப் புரியாததால் தப்பித்து, இரட்டைக் கட்டிலோடு தனி அறை பெற்றிருந்தது. அந்த ஆறு பேரையும் சமாதானப்படுத்தும் நல்லெண்ணத்தில் அதன் பொருளை விளக்கித் தொலைத்தேன். ஜோவான்னி ஒரு கணம் யோசித்தார், "அப்படியானால் நீயும் ஜான்தானே?" என்று கேட்டபடியே தம் பெட்டியை என் அறை நோக்கி உருட்டத் தொடங்கினார். யானோஷ் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.