ஏ9 வீதியில் ஈனா டி சில்வாவின் ஊர்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகும் பஸ், ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஓடி, மாத்தளைக்குச் சற்று முன்னால் அளுவிகாரையைக் கடக்கும். பௌத்த மறைநூலான திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட குகை விகாரைக்குப் பெயர்போன இடம். துணியில் மெழுகால் கோலம் போட்டுச் சாயமிடும் பத்திக் கலையில் பெயர்பெற்ற ஈனா டி சில்வாவின் (1922–2015) பூர்வீக ஊரும் அதுதான். இரவு பஸ் விடியமுன்னமே இறக்கிவிடும். காலை பஸ்ஸில் வெளிக்கிடுங்கள். அங்கே அவர் தொடங்கிய பட்டறைக்கு முதலே போன் எடுத்துக் கேளுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா தினம் வேண்டாம்.

1960களில் கொழும்பில் பத்திக் செய்யத் தொடங்கிய ஈனா, சீலையோடு நிற்கவில்லை. கொடி, திரை என்று போய், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கட்டிய பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் வரவேற்பு மண்டபக் கூரையின் உட்புறத்தையே பத்திக்கால் மூடினார். உடுப்பதற்கென்று இருந்த துணியை அண்ணாந்து பார்க்க வைத்ததுதான் அவருடைய பெரிய வேலை. 1980களில் ஊருக்குத் திரும்பி, பத்திக், தையல், தச்சு, பித்தளை வார்ப்பு என ஊராருக்குத் தொழில் ஏற்படுத்தினார்.

பத்திக்கில் பாதி வேலை மெழுகுதான். புதுத்துணியின் கஞ்சி போகக் கழுவாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பரபினும் தேன்மெழுகும் பாதிக்குப் பாதி கலந்து தொடங்கலாம். பரபின் கூடினால் மெழுகில் வெடிப்புக் கூடி, அதனூடே சாயம் கோடுகோடாக இறங்கும். தேன்மெழுகு கூடினால் கோடு உடையாது. சூடு போதாவிட்டால் மெழுகு மேலேயே உறைந்து, அடியால் சாயம் புகுந்துவிடும்; துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் நனைந்திருக்க வேண்டும். புகை கிளம்பினால் உடனே அடுப்பைக் குறையுங்கள், தீப்பிடிக்கும். சாயத் தண்ணி சூடாக இருந்தால் மெழுகு இளகிவிடும். வெளிர் நிறத்திலிருந்து கடும் நிறத்துக்குப் போக வேண்டும். மஞ்சளின் மேல் நீலம் போட்டால் பச்சைதான் வரும். கடைசியில் கொதிநீரில் அவிக்கும்போது, மிதக்கும் மெழுகை அள்ளாமல் துணியைத் தூக்கினால் அது திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

வாங்கும்போது மறுபக்கத்தைப் பாருங்கள். நிறம் அங்கே மங்கியிருந்தாலோ, வெடிப்புக் கோடுகள் ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வந்தாலோ, அது அச்சடித்த துணி. பட்டறைக்காரர் கேட்கும் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணிதான் தடை. சுண்ணாம்புக்கல் நிலம், சவர்க்காரம் நுரைக்காமல் படலமாக ஒட்டும், சாயமும் மங்கும். மாரியில் பிடித்த மழைத்தண்ணியைச் சாயத்துக்கும் கடைசி அலசலுக்கும் வையுங்கள். நிழலில் காயவிட்டு, உட்பக்கமாக அயர்ன் பண்ணுங்கள்.