ராத்திரி 650-இல் ஒரு குரல்

ஜனவரி 16, 2022, ஞாயிறு

அமெரிக்காவின் கண்ட்ரி என்ற நாட்டுப்புற இசையின் வானொலி அறிவிப்பாளர் ரால்ஃப் எமரி நேற்று காலமாகிவிட்டார். வயது 88. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவன், மத்தியானம் எழுந்து போனைத் திறந்தபோதுதான் செய்தியைப் பார்த்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் இந்த நாஷ்வில்லுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. குடோனில் இரவு வேலை. எமரி வானொலியில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் நான் பிறக்கவே இல்லை. பழைய ஒலிப்பதிவுகளில் கேட்டதுதான். எங்கள் ஷிஃப்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் முதன்முதலில் கேட்கச் சொன்னார். ஊரே தூங்கும்போது விழித்திருப்பவர்களுக்காகவே பதினைந்து வருடம் பேசிய மனிதர் எமரி. அந்த ஒரு காரணமே போதும், எனக்கு அவர்மேல் அப்படி ஓர் ஒட்டுதல்.

அவரைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் இந்த வாரம் எழுதி வைக்கப்போகிறேன்.

ஜனவரி 17, திங்கள்

பிறந்தது 1933 மார்ச் 10. ஊர் மெக்கியூவன், நாஷ்வில்லுக்கு மேற்கே காரில் ஒரு மணி நேரம். அப்பாவுக்குக் குடி. வீட்டில் நிம்மதி கிடையாது. தாத்தா பாட்டியின் பண்ணையில்தான் பையனின் சிறுவயது பெரும்பாலும் கழிந்தது. 1991-இல் வந்த தன்வரலாற்றில் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசாத பிள்ளைக்குப் பேச்சுத்துணையாக இருந்தது வானொலிப் பெட்டிதான்.

அப்புறம் நாஷ்வில்லில் ஜான் ரிச்பர்க்கிடம் ஒலிபரப்பு படித்தார். ரிச்பர்க் அதே ஊரில் டபிள்யூ.எல்.ஏ.சி. நிலையத்தில் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்களை இரவில் போட்டுப் பெரும் பேர் வாங்கியவர். அவரிடம் தொழில் கற்றவர்தான் பிற்பாடு கண்ட்ரி இசையின் இரவுக் குரலாக ஆனார். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

முதல் வேலை டென்னஸியில் பாரிஸ் என்ற சிற்றூரின் நிலையத்தில். சின்னச் சின்ன நிலையங்களில் சில வருடம் அலைந்துவிட்டு, 1957-இல், 24 வயதில், நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். வானொலிக்குள் நுழைந்தார். கிடைத்தது வேறு யாரும் ஆசைப்படாத ராத்திரி நேரம்.

ஜனவரி 19, புதன்

டபிள்யூ.எஸ்.எம். என்றால் என்ன என்று தெரியாமல் எமரியின் கதை புரியாது. 1925 அக்டோபரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி தொடங்கிய நிலையம் அது. ‘லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்’ என்ற அவர்களுடைய ஆங்கில விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகள்தான் இந்த மூன்றும். அதே வருடம் நவம்பரில் தொடங்கிய சனிக்கிழமை நாட்டுப்பாட்டு நிகழ்ச்சிதான் கிராண்ட் ஓல் ஓப்ரி, இன்றுவரை நிற்கவில்லை.

நிலையத்தின் அலைவரிசை 650 கிலோஹெர்ட்ஸ், சக்தி 50,000 வாட். பகலில் வானத்தில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மீடியம் வேவ் அலையை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அலை மேலே போய், மேலடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கீழே இறங்கும். அதனால் பகலில் டென்னஸிக்கும் பக்கத்து ஊர்களுக்கும் கேட்கிற நிலையம், ராத்திரியில் பாதி அமெரிக்காவுக்குக் கேட்கும். யாரும் ஆசைப்படாத நேரம் என்று முந்தாநாள் எழுதினேன் அல்லவா? அந்த நேரத்தில்தான் அந்த நிலையத்தின் கை மிக நீளம்.

கேட்டவர்கள் யார்? லாரி டிரைவர்கள், மூன்றாம் ஷிஃப்ட் ஆலைத் தொழிலாளிகள், ஆஸ்பத்திரியில் இரவுக் காவல் இருப்பவர்கள். பெரியவரின் அப்பா அட்லாண்டா லைனில் லாரி ஓட்டியவர். “எமரி பேசிக்கொண்டிருக்கும்வரை அப்பாவுக்குக் கண் சொக்காது. பாட்டு மட்டும் ஓடினால் சொக்கிவிடும்” என்றார் பெரியவர். ராத்திரி மூன்று மணிக்குப் பெட்டி அடுக்கும் எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

ஜனவரி 22, சனி

இன்று லீவு. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பழைய பதிவுகளைக் கேட்டேன்.

நிகழ்ச்சியின் பெயர் ஓப்ரி ஸ்டார் ஸ்பாட்லைட். இசைத்தட்டு போடுவார், விளம்பரம் படிப்பார். ஆனால் அதன் உயிர் வேறு இடத்தில். ஸ்டுடியோ கதவைத் திறந்தே வைத்திருந்தார். கச்சேரி முடித்து வரும் பாடகர்கள், தூக்கம் வராதவர்கள், புது ரெக்கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். கண்ட்ரி பாடகர் மார்ட்டி ராபின்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பியானோவில் உட்காருவாராம். பாட்டு, சிரிப்பு, ஊர்க்கதை என்று போய்க்கொண்டே இருக்கும். டெக்ஸ் ரிட்டர் 1965 வாக்கில் நாஷ்வில்லுக்குக் குடிவந்தபிறகு சில காலம் எமரியோடு சேர்ந்தே நிகழ்ச்சி நடத்தினார். சினிமாவில் கௌபாயாக நடித்துப் பாடிய பெரிய மனிதர், நடுராத்திரியில் ஓர் இளைஞனின் பக்கத்து நாற்காலியில்!

எமரி கேட்கும் முறையை இன்று கவனித்துக் கேட்டேன். கேள்வி சின்னதாக இருக்கும். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். வானொலியில் மௌனம் என்றால் அறிவிப்பாளர்கள் பதறுவார்கள், இவர் பதறுவதில்லை. இரண்டு விநாடி, மூன்று விநாடி. எதிரில் இருப்பவர் முதலில் சொன்ன பொதுப்பேச்சை விட்டுவிட்டு மெதுவாக உண்மையான விஷயத்துக்கு வருவார். நேரமும் தாராளமாக இருந்தது. பகல் நிகழ்ச்சியில் இது நடக்கவே நடக்காது.

வீட்டில் யாரும் பேசாத பிள்ளை வளர்ந்து, ஊரையே உட்காரவைத்துப் பேசவைத்தான். ஒருமையில் எழுதிவிட்டேன், அந்தப் பையனை நினைத்து. இருக்கட்டும்.

நடுவில் அவரே ஒரு பாட்டும் பாடினார். 1961-இல் பாடகர் ஃபரான் யங்கின் ஹிட் ஒன்றுக்குப் பதில் பாட்டு. அது கண்ட்ரி பட்டியலில் நாலாம் இடம்வரை போனது. பாடகர் ஆகியிருக்கலாம். ஆனால் ராத்திரி வேலையை அவர் விடவில்லை.

ஜனவரி 25, செவ்வாய்

பிடித்தவரைப் பற்றி எழுதும்போது பிடிக்காததையும் எழுத வேண்டும்.

1968 மார்ச்சில் தி பேர்ட்ஸ் என்ற ராக் குழு கண்ட்ரி இசைமேல் ஆசைப்பட்டு நாஷ்வில்லுக்கு வந்தது. அவர்கள் எமரியின் நிகழ்ச்சிக்கும் போனார்கள். நீளமுடிப் பையன்கள், காலமோ வியட்நாம் போர்க்காலம். எமரிக்கு அவர்களைப் பிடிக்கவில்லை, அது பேச்சிலேயே தெரிந்தது. குழுவின் ரோஜர் மெக்வினும் கிராம் பார்சன்ஸும் அந்தக் கோபத்தில் அவரைக் குத்தி ஒரு பாட்டே எழுதினார்கள்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. எல்லாருக்கும் கதவைத் திறந்து வைத்தவர், அன்று கொஞ்சம் பொறுத்து அவர்கள் பாட்டை நன்றாகக் கேட்டிருக்கலாம். அந்த இளைஞர்கள் வழியாகத்தான் ஒரு தலைமுறைக்கே கண்ட்ரி இசை போய்ச் சேர்ந்தது.

ஜனவரி 27, வியாழன்

1972-இல் இரவு வானொலியை விட்டார். அதன்பிறகு டி.வி. நாஷ்வில்லில் காலை நிகழ்ச்சி, 1983 முதல் 1993 வரை டி.என்.என். என்ற கேபிள் சேனலில் வாரநாட்களில் ‘நாஷ்வில் நவ்’. நேரலை, ரசிகர்கள் முன்னால். ஷாட்கன் ரெட் என்று ஒரு பொம்மையும் கூட உட்கார்ந்து பேசும். நாடு முழுக்க அவர் முகம் தெரிந்தது அதில்தான். 2007-இல் பாடகர்கள் வின்ஸ் கில், மெல் டில்லிஸ் இருவரோடு சேர்த்து, கண்ட்ரி இசையின் பெரியவர்களைக் கௌரவிக்கும் கண்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இவரையும் ஏற்றார்கள்.

டி.வி. பதிவுகளையும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கைதட்டல் நடுவில் அந்த மூன்று விநாடி மௌனத்துக்கு இடமே இல்லை.

ஜனவரி 30, ஞாயிறு

நேற்று சாயங்காலம் பெரியவரும் நானும் நாஷ்வில்லுக்குப் பக்கத்து ஊரான பிரெண்ட்வுட்டுக்குப் போனோம், டபிள்யூ.எஸ்.எம். கோபுரத்தைப் பார்க்க. நெடுஞ்சாலையில் தினம் பார்த்துக்கொண்டு போவதுதான். நின்று பார்த்தது இதுவே முதல் தடவை.

1932-இல் எழுப்பியது. 808 அடி உயரம். அடியில் கூம்பு, நடுவில் பருத்து, மேலே மறுபடி ஒடுங்கும். நூல் நூற்கும் கதிர்போல. அத்தனை இரும்பும் அடியில் ஒரே புள்ளியில், ஒரு பீங்கான் காப்பின்மேல் நிற்கிறது. சாயாமல் இழுத்துப் பிடிப்பவை கம்பிகள். கோபுரத்தின்மேல் ஆன்டெனா என்று தனியாக எதுவும் கிடையாது, கோபுரமேதான் ஆன்டெனா.

வேலிக்கு வெளியே காரை நிறுத்தி 650-ஐ வைத்தோம். சனிக்கிழமை ஆதலால் ஓப்ரி. ஃபிடில் சத்தம் காருக்குள் நிறைந்தது. பெரியவர் சத்தத்தைக் குறைத்தார். “அப்பா அலபாமாவில் எங்கோ ஒரு லாரி நிறுத்தத்திலிருந்து ஒரு தடவை எமரிக்குப் போன் பண்ணினாராம். அம்மாவுக்காக ஒரு பாட்டுக் கேட்டார். அந்த ராத்திரி நானும் அம்மாவும் சமையலறையில் விழித்திருந்தோம்.”

“பாட்டு வந்ததா?” என்றேன்.

“வந்தது. அம்மா பெயரையும் சொன்னார். கொஞ்சம் தப்பாகச் சொன்னார்.”

கோபுரத்தின் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் மறுபடி சத்தத்தைக் கூட்டினார்.